அப்துல் ஹலீமின் ஹோம் ஃபோல்டர்

மலேசியாவின் ஜோகூரில், செனாய் விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம், சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதன் இரண்டாவது மாடியில் உள்ள கணினிக் கூடத்தைக் கட்டி மேய்ப்பவர் தங்கராஜு. ஐம்பதைத் தாண்டியவர். நியமனக் கடிதத்தில் அவருக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டதில்லை. மலாய் மாணவர்களுக்கு அவர் அபாங் ராஜு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ராஜு அண்ணே, கணினி மக்கர் பண்ணும் நேரத்தில் பேராசிரியர்களுக்கு 'அந்த ராஜு எங்கே?'.

சாஆ பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனை பயிரிட்ட ஒரு தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு சுமார்தான். தொழிற்பயிற்சிச் சான்றிதழோடு செனாய் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, சில வருடம் ஷிஃப்ட் அடித்துவிட்டு, பிறகு கல்லூரிக்கு வந்தார். கூடத்துக் கணினிகளை இயக்கும் லினக்ஸை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கெடுத்து, சரிசெய்து, மறுபடி கெடுத்து, அப்படித்தான் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டபின் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துவிட்டது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், பின்னால் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் காரியம் ஒன்று. முன்பெல்லாம் அந்தக் கூடத்தில் தினமும் சண்டை. ஒரு மாணவன் இன்றைக்கு ஒரு கணினியில் வேலை செய்து சேமித்து வைப்பான். நாளைக்கு வந்தால் அதில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவன் கோப்பு அவள் கணினிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும், அவள் எழுந்திருக்க மாட்டாள். தங்கராஜுதான் இதற்கு ஒரு வழி பண்ணினார். ஆளுக்கொரு ஹோம் ஃபோல்டர் என்று பிரித்து, எல்லாவற்றையும் கீழ்த்தளத்தில் சர்வர் என்ற ஒரே பெரிய கணினியில் கொண்டுபோய் வைத்தார். கூடத்திலுள்ள கணினிகளெல்லாம் கம்பி வழியாக அங்கே கையை நீட்டி எடுத்துக்கொள்ளும். எந்த இருக்கையில் உட்கார்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினாலும், உங்கள் கோப்புகள், உங்கள் திரை, நீங்கள் பின்னணியில் ஒட்டி வைத்த உங்கள் பிள்ளையின் படம்வரை அப்படியே வந்து நிற்கும்.

புதிய மாணவர்கள் வரும்போது இதைச் செய்து காட்டாமல் அவரால் இருக்க முடியாது. கணினிகளுக்கு ஜோகூர் ஊர்களின் பெயர்களைத்தான் வைத்திருந்தார். மூவார், குளுவாங், மெர்சிங், சாஆ. "மூவார்ல உக்காருங்க. ஏதாச்சும் ஒண்ணு எழுதி சேவ் பண்ணுங்க. இப்ப எந்திரிச்சு மெர்சிங்குக்குப் போங்க" என்பார். மாணவி போய்ப் பார்த்துவிட்டு, "அங்க எழுதினது இங்க இருக்கு ணே" என்பாள். "எங்க போனாலும் உங்க வீடு உங்க பின்னாலயே வரும். நான் பாத்துக்குறேன்" என்பார் தங்கராஜு. இந்த 'நான் பாத்துக்குறேன்' அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது வரும்.

அப்படி அவர் வார்த்தையை நம்பியவர்களில் ஒருவன் அப்துல் ஹலீம். தமிழ் முஸ்லிம், முப்பத்தைந்து வயதிருக்கும். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. திரைகளைப் பார்த்துக்கொண்டு, எந்த வால்வை எப்போது திறப்பது, எதை மூடுவது என்று முடிவெடுக்கும் இருக்கை. ஷிஃப்ட் முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் செனாய்க்கு வந்து பகுதிநேரமாக முதுகலை படித்தான். ரசாயனத் தொட்டிக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி. ரன் என்று சொல்லும் ஒரு கணக்கு ஓடி முடிய நாள்கணக்கில் ஆகும். ஒன்றரை வருடத்து முடிவுகள் அவன் ஹோமில் குவிந்து கிடந்தன. மற்ற மாணவர்கள் எல்லாருடையதையும் சேர்த்தாலும் அவன் ஒருவனுடையதற்கு ஈடாகாது.

அங்கேதான் முதல் கோணல். சர்வரில் உள்ளதற்கு வாரந்தோறும் ஒரு நகல் எடுத்துத் தனி டிஸ்க்கில் வைப்பது தங்கராஜுவின் வழக்கம். அந்த டிஸ்க் சிறியது. ஹலீமின் ஃபோல்டரைச் சேர்த்தால் இடம் போதவில்லை. 'பெரிய டிஸ்க் வாங்கும்வரைக்கும்' என்று சொல்லிக்கொண்டு அவனுடையதை மட்டும் நகலிலிருந்து விலக்கிவிட்டார். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பார்க்கும்போது சொல்லலாம் என்று விட்டார். பார்த்தபோதெல்லாம் பேசினார்கள், சிரித்தார்கள், கேண்டீனில் தே தாரிக் குடித்தார்கள். இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை, அப்புறம் மறந்தே போயிற்று.

இரண்டாவது கோணல் இன்னும் பழையது. ஹோம்களை இப்படிப் பொதுவில் வைக்கும்போது சர்வர் இயல்பிலேயே ஒரு முன்ஜாக்கிரதையோடு இருக்கும். வேறொரு கணினியிலிருந்து 'நான்தான் இங்கே நிர்வாகி' என்று யார் வந்து கட்டளை போட்டாலும் நம்பாது. அடுத்தவர் கோப்பைத் தொட விடாது. தங்கராஜு அந்தக் காவலை எடுத்துவிட்டிருந்தார். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் மாடியிலிருந்து இறங்கிச் சர்வர் அறைக்குப் போக முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மாடியில் உட்கார்ந்தபடியே எல்லா ஹோமையும் திருத்த, நகர்த்த, அழிக்க அவரால் முடியும். தப்பு என்று தெரிந்தேதான் செய்தார். நான் இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்ற தைரியம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தைரியத்துக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. மாணவர்கள் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தார்கள், கூடம் காலி. சாஆ என்று பெயரிட்ட பழைய கணினியை ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுக்கக் கல்லூரி முடிவு செய்திருந்தது. யோசனையே தங்கராஜுவுடையதுதான். கொடுப்பதற்கு முன்னால் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய மாணவர்களின் மிச்சம் மீதியைத் துடைத்துவிட வேண்டும். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். முதலில் சர்வரோடு இருந்த இணைப்பை ஒரு கட்டளை போட்டுத் துண்டித்தார், கம்பியைப் பிடுங்கவில்லை. துண்டித்துவிட்டால், எல்லார் ஹோம்களும் வந்து தெரியும் ஹோம் என்ற பொது இடத்தில் அந்தக் கணினியின் சொந்தக் குப்பை மட்டும்தான் இருக்கும். பிறகு பார்த்தால் மௌஸ் அசையவில்லை. வேறு மௌஸ் மாட்டினார், அதுவும் அசையவில்லை. கணினியை அணைத்து மறுபடி போட்டார்.

போட்டவுடன் அது சர்வரோடு மறுபடி தன்னை இணைத்துக்கொண்டது. எப்போது உயிர்த்தாலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அதற்குக் கட்டளை எழுதி வைத்தவரே தங்கராஜுதான். அது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நிர்வாகியாக நுழைந்து, ஹோமுக்குள் உள்ள எல்லாவற்றையும் அழி என்று தட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலை. முடியவில்லை. பழைய கணினி, மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். கைபேசியில் வந்த செய்திக்குப் பதில் போட்டார். மறுபடி திரையைப் பார்த்தார். அப்போதுதான் அழிந்துகொண்டிருப்பது எது என்று புரிந்தது.

நிறுத்தினார். பதறிப்போய்ப் பார்த்தார். கட்டளை ஆங்கில எழுத்து வரிசையில் முதல் ஹோமிலிருந்து ஆரம்பித்திருந்தது. முதல் பெயர் அப்துல் ஹலீம். இருந்த இடம் தெரியவில்லை. இரண்டாவது, அஸ்லினா என்ற மாணவியுடையது. அதில் பாதி போயிருந்தது. மூன்றாவதைத் தொடுவதற்குள் நிறுத்திவிட்டார். அஸ்லினாவின் பாதியை நகல் டிஸ்க்கிலிருந்து எடுத்து உடனே திரும்ப வைத்தார். அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஹலீமுக்கு நகல் இல்லை.

"அலமாக், போச்சே" என்று காலிக் கூடத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழிந்த கோப்புகளை மீட்பதற்கென்று இருக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். பெயரும் இல்லாமல் தலையும் வாலும் இல்லாமல் துண்டு துண்டாக ஏதேதோ வந்தது. உதவாது. அதுவரைக்கும் நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும், அவருக்கும் வந்தது. அதற்குப் பிறகு செய்ததற்குத் தவறு என்று பெயர் இல்லை.

ஹலீமின் பெயரில் ஒரு புதிய காலி ஹோமை உண்டாக்கி, அதே இடத்தில் வைத்தார். இல்லாவிட்டால் அவன் நுழைய முடியாதே, அவன் நன்மைக்குத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை அவருக்குத் தெரியும். ஹோமே காணாமல் போயிருந்தால் அது நிர்வாகியின் வேலை என்று லினக்ஸ் தெரிந்த எவனும் சொல்லிவிடுவான், ஏனென்றால் மாணவன் தன் ஹோமுக்குள் இருப்பதைத்தான் அழிக்க முடியும், ஹோமையே அழிக்க முடியாது. ஹோம் இருந்து உள்ளே காலியாக இருந்தால், அது யார் வேலையாகவும் இருக்கலாம். கை நடுங்க நடுங்க அதைச் செய்தார். செய்து முடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அது நின்றதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் தன்னைத் தானே மிகவும் வெறுத்தார்.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒத்திகை பார்த்தார். திங்கட்கிழமை காலையில் ஹலீமே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. ஹெல்மெட்டைக்கூட எங்கேயும் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தான்.

"அண்ணே, ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றான்.

தங்கராஜுவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன தம்பி?"

"வெள்ளிக்கிழமை காலையில நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வீட்டுக்கு வந்தேன் ணே. கண்ணு எரியுது. ஹோமெல்லாம் ரொம்பிப் போச்சு, வேண்டாததை எல்லாரும் அழிச்சிடுங்கன்னு இமெயில் போட்டிருந்தீங்கல்ல. சரி, அதை முடிச்சிட்டுப் படுக்கலாம்னு வீட்டுலேருந்தே உள்ள நுழைஞ்சு பழைய ரன்னையெல்லாம் அழிச்சேன். படுத்துட்டேன். மறுநாள் பாத்தா ஒண்ணுமே இல்ல ணே. வேற ஏதோ ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு அழின்னு தட்டிட்டேன் போல."

அந்த மின்னஞ்சல் தங்கராஜு அனுப்பியதுதான். மலாயிலும் ஆங்கிலத்திலும், தடித்த எழுத்தில். மற்றவர்கள் எல்லாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். சொன்னதைக் கேட்டவன் இவன் ஒருவன்தான்.

"என்ன தட்டினேன்னு திரும்பிப் பாக்கலாம்னா, அந்தப் பதிவும் ஹோம்லதானே இருந்துச்சு. அதுவும் போச்சு" என்றான் ஹலீம். "பேக்கப் இருக்கா ணே?"

"உன்னோடது ரொம்பப் பெருசு தம்பி. பேக்கப்ல இடம் பத்தல. உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

இந்த ஒன்றையாவது ஒப்புக்கொண்டோம் என்று அவருக்குள் அற்பமாக ஒரு ஆறுதல். ஹலீம் அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, நான் தனியா ஒரு காப்பி வச்சிருக்கணும்" என்றான். "உங்களுக்கு வேற கஷ்டம் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க ணே."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கராஜு தலையை ஆட்டினார். மன்னிப்பை வாங்கிக்கொள்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

அதே வாரம் டாக்டர் சுகுமாறன் கூடத்துக்கு வந்தார். ஹலீமின் மேற்பார்வையாளர். ஹலீமுக்குக் கொடுத்திருந்த கடைசித் தவணை அந்தப் பருவத்தோடு முடிகிறது. எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட இன்னொரு பருவமாவது வேண்டும்.

"ராஜு, சிஸ்டம் கோளாறுன்னு உங்க பக்கத்துலேருந்து ஒரு கடிதம் குடுத்தா, நான் ஃபேகல்டியில பேசி டைம் வாங்கிடுவேன்" என்றார். "ஸ்டூடண்டே அழிச்சதுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, ரூல் அப்படி. அதான் நேரா உங்ககிட்ட கேக்குறேன். சர்வர்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி வந்த வாய்ப்பு. கோளாறு என்று ஒரு பொய் எழுதிக் கொடுத்திருந்தால்கூட ஹலீம் தப்பித்திருப்பான். ஆனால் கோளாறு என்று எழுதினால் கல்லூரித் தலைமையகத்திலிருந்து ஆள் வந்து சர்வரைத் திறந்து பார்ப்பான். காவலை எடுத்துவிட்டது தெரியும். நகலிலிருந்து ஒருவனை விலக்கியது தெரியும். இருபது வருடமாக ஒரு கோப்பும் தொலையாத கூடம் என்ற பெயர் போகும். ஒழுங்கு நடவடிக்கை வரும். இவ்வளவும் அவர் மனசில் ஓடி முடிய ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆயிற்று.

"சர்வர்ல எந்தக் கோளாறும் இல்ல டாக்டர்" என்றார்.

அது சத்தியமான வார்த்தை. சர்வர் சொன்னதைத்தான் செய்தது. உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டே ஒரு மனிதனைக் கவிழ்த்துவிட முடியும் என்பதைத் தங்கராஜு அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். டாக்டர் பெருமூச்சு விட்டு, "பாவம் அவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவருக்கு நல்லதாகவே நடந்தது, அதுவே அவரை வாட்டியது. மற்ற மாணவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று 'கோப்பு அழிக்கும்போது கவனம்' என்று ஒரு அறிவிப்பு அனுப்பச் சொன்னார்கள். தங்கராஜு அனுப்பினார். பழைய கணினியைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோன நாளில் தலைமையாசிரியை அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஹலீமின் ஒன்றரை வருடத்தைத் தின்ற அதே கணினி பக்கத்தில் மாலையோடு நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். படத்தில் அவர் முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி விழுந்திருந்தது.

வீட்டில் மனைவி புஷ்பவள்ளி அவர் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஆபீஸ்ல ஏதாச்சும் தொல்லையா?" என்று கேட்டாள்.

"ஒரு பையனோட ரிசர்ச் எல்லாம் அழிஞ்சு போச்சு. நம்ம ஹலீம்."

"அந்த பாசிர் கூடாங் பையனா? ஐயோ பாவம். எப்படி?"

"அழிஞ்சு போச்சு" என்றார் மறுபடியும்.

"அதுக்கு நீங்க ஏன் சாப்பிடாம கெடக்குறீங்க? உங்களால ஆனதைச் செஞ்சிருப்பீங்க. எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க" என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள். அவளையும் ஏமாற்றி ஆறுதல் வாங்கியாயிற்று.

பருவம் முடிவதற்குச் சில வாரம் முன்னால், பதிவாளர் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்துல் ஹலீம் படிப்பிலிருந்து விலகிக்கொண்டார், அவருடைய கணக்கையும் ஹோம் ஃபோல்டரையும் நீக்கிவிடவும் என்று இரண்டு வரி. மாணவர்கள் விலகும்போது வழக்கமாக வருவதுதான். தங்கராஜு கட்டளைத் திரையைத் திறந்து நீக்கும் கட்டளையைத் தட்டினார். ஹலீமின் பெயர்வரைக்கும் தட்டினார். கடைசி விசையை அழுத்த விரல் போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் உண்டாக்கி வைத்த நாளில் இருந்த மாதிரியே காலியாக இருந்தது. ஹலீம் அதற்கப்புறம் ஒரு கோப்புகூட அதில் வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசிர் கூடாங்குக்குக் காரை எடுத்தார். வழியில் பீசாங் கோரேங் என்ற வாழைப்பழ பஜ்ஜி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போகவில்லை, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க முடியாது. விலக வேண்டாம், கூடத்திலுள்ள அத்தனை கணினிகளையும் விடுமுறை நாட்களில் உனக்கே விட்டுத் தருகிறேன், சேர்ந்து ஓட்டிவிடலாம் என்று சொல்லத்தான் போனார். வேலை முடிந்துவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. அவர் கணக்கு அப்படி.

அடுக்குமாடியில் நான்காம் தளம். ஹலீமின் மனைவி ஃபரீஹா கதவைத் திறந்தாள். "வாங்க ணே, வாங்க. அக்கா வரலையா?" என்று கேட்டுவிட்டுப் பாலில்லாத தே-ஓ கலக்கப் போனாள். ஹலீம் உள்ளேயிருந்து வந்தான். இளைத்திருந்தான். முன்பு வாய் ஓயாமல் பேசுபவன், இப்போது எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

தங்கராஜு தன் திட்டத்தை எடுத்து வைத்தார். எத்தனை கணினி, எத்தனை நாளில் ஓடும், டாக்டரிடம் எப்படிப் பேசலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"வேணாம் ணே" என்றான் ஹலீம். "உங்க நல்ல மனசு. படிப்பு போனா போகட்டும்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன லா இது?"

தேநீரைக் கொண்டுவந்து வைத்த ஃபரீஹா நின்றாள். "படிப்பை விடுங்க ணே. வேலையில என்ன பண்ணியிருக்காருன்னு கேளுங்க."

"என்ன தம்பி?"

"கண்ட்ரோல் ரூம்லேருந்து மாத்தச் சொல்லி நானே கேட்டேன்" என்றான் ஹலீம். "இப்ப பேக்கிங் பக்கம் போட்டிருக்காங்க. மூட்டை எண்ணி லாரியில ஏத்தி விடுற வேலை."

"ஏன்?"

"எப்படி ணே அங்க உக்காருறது?" தன் வலது கையை மடிமேல் விரித்துப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒன்றரை வருஷ வேலைய ஒரு தட்டுல அழிச்சிருக்கேன். அழிச்சது எனக்கே தெரியல. சரியாத்தான் தட்டினேன்னு இப்பவும் தோணுது. அதான் பயமே. தப்பா பண்ணிட்டு சரின்னு தோணுற ஆளு, வால்வு முன்னால உக்காரலாமா? அங்க நான் தப்பா ஒண்ணை அழுத்தினா கம்ப்யூட்டரா போகும்? ஆளுங்க இருக்காங்க ணே."

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றாள் ஃபரீஹா. "கேஸ் அடுப்பை மூடினோமான்னு நாலு தடவ எந்திரிச்சுப் போறாரு. பிள்ளைக்குக் காய்ச்சல்னா மருந்து ஊத்த மாட்டேங்குறாரு. அளவு நீயே பாருங்குறாரு. இவரு இப்படி இல்ல ணே. ஆலையில ஏதாச்சும் சிக்கல்னா இவரைத்தான் கூப்பிடுவாங்க."

தங்கராஜு அதுவரை தான் எடுத்தது ஒரு படிப்பு என்றுதான் நினைத்திருந்தார். அதற்கே அவர் தூக்கம் போயிருந்தது. இப்போது எதிரே ஒருவன் தன் கையைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருந்தான். அந்தக் கையைக் கெடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தேநீர்க் குவளையை எடுத்தவர் குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஹலீம், அதை நீ அழிக்கல" என்றார்.

ஹலீம் நிமிர்ந்தான்.

"நான்தான் அழிச்சேன். அன்னிக்கு மத்தியானம், ஜும்மா நேரத்துல. பழைய மெஷினைத் துடைக்கிறேன்னு சர்வர்ல இருந்ததை அழிச்சிட்டேன். முதல் பேரு உன்னுது. நிறுத்துறதுக்குள்ள போயிடுச்சு. நீ காலையில அழிச்சது வெறும் பழைய ரன்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். காலி ஹோம் வைத்ததைச் சொன்னார். டாக்டரிடம் சொன்ன வார்த்தையைச் சொன்னார். நாளைக் காலையில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், விலகல் மனுவைத் திரும்ப வாங்கு, தவணை கிடைக்கும், எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றார். அடிக்கிறதானால் அடி என்றுகூடச் சொன்னார். அடி வாங்கத் தயாராகத்தான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

ஹலீமுக்கு அதில் பாதி காதில் விழவில்லை. "நான் இல்லையா?" என்றான்.

"இல்ல தம்பி."

"நெசமா நான் இல்லையா ணே? காலையில நான் தட்டினது..."

"நீ தட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று தங்கராஜு காத்திருந்தார். வரவில்லை. ஹலீமின் கண் கலங்கியது, உதடு துடித்தது, பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துவிட்டான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கு அடி வாங்கியிருக்கலாம் என்று தங்கராஜுவுக்குத் தோன்றியது. இந்தச் சந்தோஷத்தை அவனுக்கு எந்தத் திங்கட்கிழமையும் அவர் கொடுத்திருக்கலாம்.

ஃபரீஹா சிரிக்கவில்லை. அவள் தங்கராஜுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே தெரியும்மா."

அவர் குடிக்காத தேநீர்க் குவளையை அவள் எடுத்து மேசையின் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கணவனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கராஜு எழுந்து நின்றார். அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டும்போதும் உள்ளே ஹலீம் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"நான் இல்ல ஃபரீஹா. தூக்கக் கலக்கத்துல அழிக்கல. நான் சரியாத்தான் தட்டியிருக்கேன்."